டிக் அடித்தால் தேர்ச்சியா?

(குன்றத்தூரில் தொழிலாளர்கள், மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரில் தொழிற்பயிற்சி என்றாலே முதலாளி தந்திரம் என்று சிலர் ஒதுக்குறாங்க. நான் ஒதுக்கமாட்டேன். 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்ற கணினிப் பாடமுறையைத் தொடங்கினார்கள். அது கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும், தப்பென்றால் மறுபடி முயலவிடும். "நீ எந்தத் தெரு?" என்று கேட்காது. சந்தேகம் கேட்கப் பயந்தே கடைசி வரிசையில் உட்கார்ந்த நம்ம சனங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இங்கே நடப்பது என்ன? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேருக்கு ஒரே திரை. இங்கிலீஷில் படம் ஓடும். முடிந்ததும் பத்துக் கேள்வி. சூப்பர்வைசரே விடை சொல்வார்; நாங்க டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவோம். மத்தியானம் பவர் பிரஸ்ஸில் நிறுத்திடுவாங்க. விரல் போனால் அந்தக் கையெழுத்தே நமக்கு எதிர்சாட்சி.

படிக்காதே என்று விரட்டிய காலம் ஒன்று. படித்துவிட்டாய் என்று கையெழுத்து வாங்கும் காலம் இது. இரண்டிலும் அறிவு நம் கைக்கு வரவில்லை.

படம் முடிந்த கையோடு வைக்கும் பரீட்சை எதையும் நிரூபிக்காது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். பிரஸ்ஸில் விபத்து ஐந்தாவது நிமிடத்தில்தான் வரும் என்று யார் சொன்னது?

1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமை என்றது அது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. நம் கோரிக்கை எங்கும் போகவில்லை.

பயிற்சி தமிழில் வேண்டும். சம்பள நேரத்தில் வேண்டும். ஆளுக்கொரு திரை வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். திரையில் பார்த்ததை நின்றிருக்கும் மெஷினில் கையால் செய்துபார்க்க விட வேண்டும். காண்ட்ராக்ட், நிரந்தரம் என்ற பாகுபாடு இதில் கூடாது.

மாணவத் தோழர்களே, நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கு. அந்த இங்கிலீஷ் பாடங்களைத் தமிழாக்கி நம்ம தெருக்களில் உட்கார்ந்து பேசுங்க. புரிந்தபிறகு கையெழுத்துப் போடலாம். அதுவரை பேனாவைக் கீழே வைப்போம், எல்லோரும் சேர்ந்து.