புயலுக்குப் பின் வெட்டரிவாளைத் தள்ளி வையுங்கள்

(மீஞ்சூர், எண்ணூர் வட்டார விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள டெக்ஸாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கியது. வெயிலுக்குப் பழகிய சீமை அது. அதன் தென்கோடியில், ரியோ கிராண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஆரஞ்சும் கரும்பும் அப்போது பயிராகிவந்தன. உறைகுளிர் அங்கும் இறங்கியது. இலைகள் வெந்தது போலக் கருகின. காய்கள் கெட்டுக் கொட்டின. குளிர் தாக்கிய இத்தகைய தோட்டங்களுக்கு அந்நாட்டு வேளாண் விரிவாக்கத்தார் சொல்லும் அறிவுரை ஒன்றுண்டு: உடனே கிளைகளை வெட்டாதீர்கள், புதுத் துளிர் வரட்டும், எது செத்தது, எது பிழைத்தது என்பதை மரமே காட்டும்.

பனிப்புயலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் காசிமேட்டு மீன் பெட்டிகளில் உள்ளதுதான். ஆனால் மரத்திற்கு நேரும் கதி ஒன்றே. பழக்கமில்லாத ஒரு அடி ஒரே நாளில் விழுகிறது; மறுநாள் காலையில் மரம் செத்தது போல் நிற்கிறது. அந்தக் காலையில் நாம் எடுக்கும் முடிவைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

புயல் நமக்குப் புதிதல்ல. புயலின் நடுப்பகுதி நேரே நம் தலைமேல் கடந்து போவதுதான் அபூர்வம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அப்படித்தான் வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசிற்று. நடுவில் சற்று ஓய்ந்தது. புயல் போய்விட்டது என்று பலர் வெளியே வந்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. முதல் காற்றில் ஒரு பக்கமாக வேர் தளர்ந்திருந்த மரங்களை இரண்டாவது காற்று சாய்த்தது. இப்படி ஓயும் நேரத்தில் தோப்புப் பக்கம் போகவே கூடாது.

அப்போது நான் முதுநிலைப் பட்டப்படிப்பு மாணவன். சேதத்தைப் பார்க்க இந்தப் பக்கம் வந்த குழுவில் நானும் இருந்தேன். ஒரு பெரியவர் தம் மாந்தோப்பைக் காட்டி, "தம்பி, இது தேறுமா?" என்று கேட்டார். கிளைகள் முறிந்து, இலையே இல்லாமல், மொட்டையாக நின்றன மரங்கள். "தேறாது ஐயா, விறகுக்கு விற்றுவிடுங்கள்" என்றேன். அவரும் விற்றுவிட்டார். பக்கத்துத் தோப்புக்காரருக்கு மரம் வெட்டும் ஆள் கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார். மாசி மாதம் நான் மறுபடியும் வந்தபோது அவருடைய மரங்கள் அடிமரம் வரை துளிர்விட்டிருந்தன. பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார். இருபது வருட மரங்கள் அவை.

மாமரத்தில் முறிந்து தொங்கும் கிளையை மட்டும் ரம்பத்தால் சீராக அறுத்து, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். மற்றதை இரண்டு, மூன்று மாதம் தொடவேண்டாம். வேரோடு சாய்ந்தது இளமரமாக இருந்து, ஒரு பக்க வேர் மண்ணிலேயே இருந்தால் நிமிர்த்திவிடலாம். அதுவரை வெளியே தெரியும் வேரின்மீது ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். இதை அன்றைக்கே செய்ய வேண்டும். வேர் ஒருநாள் வெயிலில் காய்ந்தால் பிறகு நிமிர்த்தியும் பலனில்லை. நிமிர்த்தும்போது கிளைகளைக் குறைத்து, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள்.

தென்னைக்கு இந்தப் பொறுமை செல்லாது. தென்னைக்கு உயிர் ஒரே ஒரு குருத்தில் இருக்கிறது. மட்டைகள் ஒடிந்து குருத்து நன்றாக இருந்தால், ஒடிந்த மட்டைகளை நீக்கி, கொண்டையில் ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். கழுத்து முறிந்த மரம் இனித் துளிர்க்காது. அதைத் தோப்பில் கிடக்க விடவும் கூடாது. மட்கும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். காயம்பட்ட மரங்களைச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டத் தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களை அகற்றுவதே பெரும்பாடாயிற்று. சவுக்கு முறிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, விற்றுவிடுங்கள்.

நெல்லுக்கு வருகிறேன். இங்கே அவசரம்தான் வேண்டும். முதலில் வடிகால். நீர் வடிந்த பின் பயிர் மஞ்சளாகத் தெரிந்தால் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் இரண்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். மேலுரம் இடுவதாயின் 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். நீர் நிற்கும் வயலில் யூரியாவை வீசுவது காசை வாய்க்காலில் வீசுவதற்குச் சமம்.

நம் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. இங்கே வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்திற்கு வந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப் போனதை நாம் பார்த்தோம். நீரின்மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் வயல் மடையைத் திறக்காதீர்கள். கடல்நீர் ஏறிய வயலில் அதை வடித்துவிட்டு, மண் காய்வதற்குள் மழைநீரைத் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். இதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பாதீர்கள். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடலின் உப்பு ஏறியிருப்பது உங்களுக்கே தெரியும். ஜிப்சம் தேவையா என்பதை மண் பரிசோதனைக்குப் பின் முடிவு செய்யலாம்.

மரத்தை வெட்டாமல் வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையினரும் கணக்கெடுக்க வருமுன் தோப்பைச் சுத்தம் செய்துவிட்டால், விழுந்தது எத்தனை என்பதற்குச் சாட்சி இராது. அகற்றியே ஆகவேண்டிய மரமானால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த மின்கம்பி கிடக்கும் தோப்பில் மின்வாரிய ஆள் வரும்வரை யாரும் கால் வைக்க வேண்டாம்.

போர்டோ கலவையைப் பலர் தவறாகச் செய்கிறார்கள். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுண்ணாம்பை மற்றொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பசை வேண்டுமானால் அதே எடைகளுக்கு மொத்தம் 10 லிட்டர் நீர் போதும். உலோகப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். சாப்பாட்டிற்குப் பிறகு வேப்பமரத்தடியில் இதைச் செய்து காட்டுகிறோம். வாளிகளும் கத்தியும் கொண்டு வந்திருக்கிறேன்.