பாலை நிறுத்துவதற்கு முன்
(தாய்மார்கள் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





நாங்கள் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம். போன வருடம் மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் நம் அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான். இரவெல்லாம் பிள்ளை சொறிந்து அழுகிறது என்றார். "பால் கொழுப்புத்தான் சூடு கிளப்பும். கொஞ்ச நாளைக்குப் பாலையும் நெய்யையும் நிறுத்திப் பாருங்கள்" என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து நம் மருத்துவ முகாமில் அதே பிள்ளையை எடை பார்த்தார்கள். எடை குறைந்திருந்தது; கரப்பான் அப்படியே இருந்தது. "பாலை யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

பாலில் கொழுப்பு வேறு, புரதம் வேறு. பசும்பாலில் 100-க்கு 4 பங்கு அளவு கொழுப்பு. எருமைப்பாலில் 6, 7 பங்கு வரை. கடையில் வாங்கும் டோன்டு பாலில் 3 பங்கு, நிலைப்படுத்திய பாலில் நாலரை, ஃபுல் கிரீம் பாலில் 6. சில குழந்தைகளுக்குப் பால் ஒவ்வாமல் போவது உண்மைதான். ஆனால் அந்த ஒவ்வாமையை உண்டாக்குவது பாலின் புரதம், கொழுப்பு அல்ல. அதனால் ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்தாலும், தண்ணீர் கலந்து கொடுத்தாலும் ஒவ்வாமை தீராது. பிள்ளைக்குப் போகவேண்டிய சத்துத்தான் குறையும். பால் குடித்த சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வளர வளர அது விலகிவிடுகிறது. மற்றபடி கரப்பான் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் பால்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று, தோலுக்குக் கொழுப்பு வேண்டும். 1929-ல் அமெரிக்காவில் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது. லினோலிக் அமிலம் என்ற கொழுப்புச்சத்து கிடைத்ததும் தேறியது. பால் கொழுப்பில் இந்தச் சத்து 100-க்கு 2, 3 பங்குதான். நல்லெண்ணெயில் 40 பங்குக்கு மேல். ஆகவே நெய் மட்டும் ஊற்றினால் தோல் மினுங்கும் என்ற பேச்சும் சரியல்ல. நெய்யில் உள்ளது வைட்டமின் ஏ. முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்தை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. அந்தச் சத்து உடலில் சேரக் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ வேண்டும். இந்தச் சத்துகள் குறைந்த பிள்ளைகளுக்கு முழங்கையிலும் தொடையிலும் தவளைத் தோல்போல முள்முள்ளாக வரும். 1930-களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தார் தென்னிந்தியப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது முகப்பரு. நம் கல்லூரிப் பெண்பிள்ளைகள் பருவுக்குப் பயந்து பாலையே கைவிடுகிறார்கள். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்களுடைய பள்ளிக்கால உணவைக் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2005-ல் வந்தது. பால் அதிகம் குடித்தவர்களிடம் பரு சற்று அதிகமாகக் காணப்பட்டது. ஆனால் கொழுப்பு நீக்கிய பால் குடித்தவர்களிடம்தான் அந்தத் தொடர்பு கூடுதலாக இருந்தது. தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. என்றாலும் குற்றத்தைக் கொழுப்பின்மேல் போட முடியாது என்பது தெரிகிறது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களுக்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவைக் குறைத்துப் பார்த்தபோது பருக்கள் குறைந்தன. எனவே டீயிலும் ரோஸ்மில்க்கிலும் போடும் சர்க்கரையை முதலில் குறையுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெய்யில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. வலீமா விருந்தில் நெய்ச்சோறு சாப்பிடுவது வேறு. தோலுக்கு நல்லதென்று தினமும் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொள்வது வேறு. இமை ஓரத்தில் மஞ்சள் திட்டு தெரிந்தால், சிலருக்கு அது இரத்தத்தில் கொழுப்பு கூடியதன் அடையாளமாக இருக்கும். களிம்பு தேடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தாய்மார்கள் மூன்றை மனதில் வையுங்கள். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுக்க வேண்டாம், தாய்ப்பாலைத் தொடருங்கள். இரண்டு வயது வரை கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் பாலை நிறுத்த வேண்டாம். அவர் நிறுத்தச் சொன்னால், அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வந்தது பாலால் அல்ல என்று டாக்டரம்மா சோதித்துச் சொன்னார். களிம்பும், குளிப்பாட்டியவுடன் ஈரம் காயுமுன் தடவ ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்து, பாலை மறுபடி தொடங்கச் சொன்னார். நாங்கள் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, அண்ணே" என்றார். அந்தச் சொல்தான் எங்களை அதிகம் சுட்டது. நல்ல எண்ணம் மருந்தாகாது.

இனி நம் அலுவலகத்தில் யாரும் உணவு வைத்தியம் சொல்ல மாட்டோம். பிள்ளையின் தோல் பிரச்சினையோடு வருபவருக்கு மருத்துவருக்கான சீட்டுத் தருவோம். கட்டணத்தை நலநிதி ஏற்கும். பிள்ளையை அழைத்து வரத் தயங்காதீர்கள்.

வஸ்ஸலாம்.