ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் வீட்டுக் கொல்லை



1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் பெருகின. வேலை தேடி வந்தவர்கள் பலர் இங்கேயே இரண்டு சென்ட், மூன்று சென்ட் வாங்கி வீடும் கட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் செம்மண் தரை மிச்சமிருக்கிறது. ஆனால் இந்த வாரம் காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். வேளை தவறாமல் செடிக்குத் தண்ணீர் விட யாரால் முடியும்? அவர்களுக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியில் தக்காளி, முட்டைக்கோஸ், குடைமிளகாய் எல்லாம் செழிப்பாக விளைகின்றன. அதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அவற்றையே வைக்கிறோம். வேண்டாம். தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்ட வேண்டும். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் தண்ணீர் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். இலைச்சுருட்டு, காய்ப்புழு என்று ஒன்று போனால் ஒன்று வரும். அது முழுநேர வேலை. தக்காளியை ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயியிடம் பேரம் பேசாமல் வாங்குவோம். விலை சரிந்தால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

கொல்லைக்கு ஏற்றவை, நட்டுவிட்டால் தாமே நிற்பவை. கறிவேப்பிலை, கோவை, தவசிக்கீரை, வாழை, முருங்கை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 முருங்கை, விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். காய் ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். காய் குறைந்தாலும் கீரைக்குக் குறைவிருக்காது.

பப்பாளிக்கு ஒரே குழியில் மூன்று கன்று வையுங்கள். பூக்கும்போது பாருங்கள்: நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் ஆண் மரம். தண்டை ஒட்டிப் பருத்த பூ வந்தால் பெண். பெண்ணில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம். அக்கம்பக்கத்தில் எங்காவது ஓர் ஆண் மரம் இருந்தால் போதும். தண்டைச் சுற்றித் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது, அழுகிவிடும்.

தண்ணீருக்கு வழி, சமையலறைக் கழிவுநீர்க் குழாயை வாழைக்குழிக்குத் திருப்புவது. மற்றவற்றுக்கு மூடாக்கு. உதிர்ந்த இலை, தென்னை மட்டை, காய்ந்த புல், எது கிடைத்தாலும் அரையடி கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். அதற்கடியில் மண் சீக்கிரம் காயாது, களையும் அதிகம் வராது. வேர் பிடித்த மரங்களுக்கு வாரம் ஒரு தண்ணீர் போதும்.

எனக்கு மிகவும் பிடித்ததைக் கடைசியாகச் சொல்கிறேன்: அவரை. நம் எல்லைப்புறத்தில் நன்கு பழகிய பயிர் அது. ஆடியில் வேலியோரம் விதை ஊன்றினால் கொடி தானாக ஏறும். பழைய நாட்டு ரகங்கள் பகல் குறையும்போதுதான் பூக்கும். அவசரப்பட்டு உரம் போட்டுப் பயனில்லை. மார்கழிப் பனியில் காய்த்துத் தள்ளும். முற்றிய காயை உரித்து, பருப்பை இரவு ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கினால் தோல் கழன்று பருப்பு வழுக்கி விழும். அந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் இருந்தால் வேறு என்ன வேண்டும்? கொடி நுனியில் அசுவினி கருப்பாக அப்பினால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். மருந்து வேண்டாம்.

அவரை விதை தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவில் கன்னடமோ தெலுங்கோ பேசும் வயதான அம்மா யாராவது இருப்பார்கள். ஆடி பிறப்பதற்குள் அவரிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி வையுங்கள்.