யுத்த சரித்திரமும் வாசகர் கடமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சரித்திர நூல்கள். பாடசாலைப் பரீட்சைக்கென எழுதப்பட்டவற்றை இங்கே கருதவில்லை. யுத்தங்களையும் அரசர்களையும் உலகத்தைக் குலுக்கிய சம்பவங்களையும் கதைபோலச் சொல்லி, பொதுமக்கள் விரும்பிப் படிக்கும் நூல்களையே கருதுகிறோம். எந்த வாசிகசாலையிலும் வாலிபர்கள் இத்தகைய நூல்களைத் தேடி எடுப்பதுண்டு. பெரியோர் சிலருக்கு அது பிடிப்பதில்லை. வெட்டையும் குத்தையும் படித்து என்ன பயன் என்று கேட்கிறார்கள்.

இக்கேள்வியை நாம் தட்டிக்கழித்துவிடக் கூடாது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்ட கதையை, சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு சுவைத்துப் படிப்பது முறைதானா? படித்தவனிடத்தில் அதனால் என்ன விளைய வேண்டும்? பொதுப்படையாக விடை கூறுவதிலும், ஒரே ஒரு நூலை எடுத்து அதனால் நேர்ந்ததைப் பார்ப்பது மேல்.

அந்நூல் 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆகஸ்ட் மாதத்துப் பீரங்கிகள்’ என்பது. எழுதியவர் பார்பரா டக்மன் என்னும் மாது. 1912ல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். மூன்று பெண்மக்களின் தாயார். கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். எனினும் பழைய கடிதங்களையும் தினக்குறிப்புகளையும் தளபதிகள் எழுதிய நினைவுகளையும் பொறுமையோடு ஆராய்ந்து, சாதாரண வாசகனும் கீழே வைக்க மனம்வராத வகையில் எழுதினார். 1963ல் அந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. சரித்திரத்துக்கான புலிட்சர் பரிசு அமெரிக்க சரித்திரத்துக்கே உரியதாகையால், பொது நூல் என்ற பிரிவிலே அது வழங்கப்பட்டது.

நூல் கூறும் கதை யாது? 1910 மே மாதத்தில் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் மரண ஊர்வலத்தில் ஒன்பது அரசர்கள் குதிரைமீது சென்ற காட்சியோடு அது தொடங்குகிறது. அவர்களிற் பலர் ஒருவருக்கொருவர் உறவினர். நான்கே ஆண்டுகள் கழிய, 1914 யூன் 28ஆந் திகதி சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். யூலை 28ல் ஆஸ்திரியா சேர்பியாமீது போர் தொடுத்தது. ஆகஸ்ட் 1ல் ஜேர்மனி ருஷ்யாமீதும், 3ல் பிரான்ஸ்மீதும் போர்ப் பிரகடனம் செய்தது. 4ல் ஜேர்மன் சேனை பெல்ஜியத்துட் புகுந்தது. அன்றிரவே பிரிட்டனும் போரில் இறங்கியது. சரயேவோவில் வெடித்த துப்பாக்கிக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 37 நாட்களே.

இவற்றுள் ஒரு நாளின் சம்பவத்தை மட்டும் சற்று நின்று நோக்குவோம். ஆகஸ்ட் 1ஆந் திகதி மாலை, லண்டனிலிருந்த ஜேர்மன் தானாபதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிரான்ஸ் போரில் சேராதிருக்க பிரிட்டன் வழி செய்யக்கூடும் என்று அது நம்பிக்கை தந்தது. கைசர் சக்கரவர்த்தி மகிழ்ந்து, படைகள் அனைத்தையும் கிழக்கே ருஷ்யாவை நோக்கித் திருப்புமாறு தம் சேனைத் தலைவர் மோல்ட்கேக்குக் கூறினார். அது இயலாது என்று மோல்ட்கே மறுத்துவிட்டார். எந்தப் படை எந்தப் புகையிரதத்தில் எந்த மணிக்கு ஏறுவது என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கில் வகுக்கப்பட்டிருந்தன. இப்பொழுது மாற்றினால் சேனை சேனையாக இராது என்பது அவர் வாதம். தந்தி கொடுத்த நம்பிக்கை தவறானது என்று அன்றிரவே தெரியவந்தது. திட்டம் திட்டப்படியே நடந்தது. ஆனால், ஜேர்மன் சேனையின் புகையிரதப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஸ்டாப் என்பவர் 1925ல் ஒரு நூல் எழுதி, படைகளைத் திருப்புவது முடியாத காரியமன்று என்று கணக்கிட்டுக் காட்டினார். மனிதர் வகுத்த நேர அட்டவணை, அதனை வகுத்த மனிதரையே கட்டிப்போட்டுவிட்டது.

இலை உதிருமுன் வீடு திரும்பலாம் என்று சொல்லி அனுப்பப்பட்ட போர்வீரர்களிற் சுமார் 90 இலட்சம் பேர் திரும்பவேயில்லை. யுத்தம் 1918 நவம்பர் 11 வரை நீடித்தது.

அது நமக்குத் தொலைவில் நடந்த யுத்தம் என்று எண்ணவேண்டாம். எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் இந்து சமுத்திரத்தில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியதும், 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு சென்னைமீது குண்டு வீசி எண்ணெய்த் தாங்கிகளை எரித்ததும் பெரியோர் வாய்மொழியாகக் கேட்ட செய்திகளே. நவம்பர் 9ல் கொக்கோஸ் தீவருகே சிட்னி என்ற அவுஸ்திரேலியக் கப்பல் அதனை அழித்தது. கப்பல் அழிந்தது, பெயர் அழியவில்லை. கெட்டிக்காரனை ‘அவன் ஓர் எம்டன்’ என்று நம்மவர் சொல்வது அந்த யுத்தம் நம் பாஷையில் விட்டுச்சென்ற அடையாளம்.

இனி அந்நூல் செய்த காரியத்துக்கு வருவோம். அது வெளிவந்த அதே 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், கியூபாவில் சோவியத் நாடு அணு ஏவுகணைகளை நிறுவி வருவதை அமெரிக்கர் கண்டுபிடித்தனர். 16ஆந் திகதி தொடக்கம் 28ஆந் திகதி வரை பதின்மூன்று நாட்கள் உலகம் மூச்சடக்கி நின்றது. உடனே குண்டு வீச வேண்டும், பின்னர் படையெடுக்க வேண்டும் என்று சேனாதிபதிகள் ஜனாதிபதி கென்னடியை வற்புறுத்தினர். அவரோ டக்மன் அம்மையாரின் நூலைப் படித்திருந்தார். இந்த ஒக்டோபரைப் பற்றியும் அப்படியொரு நூல் எழுதப்பட வேண்டிய வழியில் தாம் செல்லப்போவதில்லை என்று தம்பி ரொபேட் கென்னடியிடம் அவர் கூறியதாக, 1969ல் வெளிவந்த தம்பியாரின் நூல் தெரிவிக்கிறது. குண்டு வீச்சை ஒதுக்கிக் கடல் வழியை மறித்தார்; எதிரிக்கு யோசிக்க நேரம் கொடுத்தார்; துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக இரகசியமாக வாக்களித்தார். குருஷேவும் விட்டுக்கொடுத்து, ஏவுகணைகளைத் திருப்பி எடுக்க 28ல் இசைந்தார்.

ஒரு நூல்தான் உலகைக் காத்தது என்று நாம் சொல்ல வரவில்லை. காரணங்கள் பல. ஆயினும் அவசரத்தில் கையை ஓங்காதிருக்க அந்நூலும் ஒரு துணையாயிற்று. அந்த நிதானத்தின் பெறுமதி அன்று எவருக்கும் முழுமையாகத் தெரியாது. படையெடுத்து வருவோர்மீது ஏவக்கூடிய சிறிய அணு ஆயுதங்கள் கியூபாவில் ஏற்கனவே இருந்தன என்பது 1992ல் வெளியாயிற்று. ஒக்டோபர் 27ல் அமெரிக்கக் கடற்படை விரட்டிய சோவியத் நீர்மூழ்கிக் கப்பலொன்றில் அணு ஆயுதம் பொருத்திய டோர்ப்பிடோ இருந்தது என்பது 2002ல் ஹவானாவில் நடந்த மகாநாட்டிலேதான் பலரும் அறிய வந்தது. தமக்குத் தெரியாதது ஏதோ இருக்கக்கூடும் என்று அஞ்சி நடந்தவனே அன்று அறிவாளியானான்.

இத்தோடு பேச்சை முடித்தால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். டக்மன் அம்மையாரின் நூலும் பூரணமானதன்று. யுத்தம் பிறந்த இடமாகிய ஆஸ்திரியாவையும் சேர்பியாவையும் அவர் பெரும்பாலும் விட்டுவிட்டார். விட்டதை முன்னுரையிலே தாமே சொல்லிவிட்டார். அந்நூலுக்கு முந்திய ஆண்டிலே, 1961ல், ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜேர்மன் சரித்திரப் பேராசிரியர், தம் நாட்டுத் தலைவர்கள் ஆதிக்க ஆசையோடு அப்போரின் அபாயத்தைத் தெரிந்தே ஏற்றனர் என்று எழுதி, தம் நாட்டவரின் கோபத்துக்கு ஆளானார். 2012ல் கிறிஸ்தோபர் கிளார்க் என்பவர், வல்லரசுகள் யாவுமே தூக்கத்தில் நடப்பவர் போல அதில் வீழ்ந்தன என்று எழுதினார். தவறி வீழ்ந்தார்களா, தள்ளி வீழ்த்தினார்களா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இது வெறும் பண்டிதர் சண்டையன்று. தவறி வீழ்ந்தது உண்மையாயின் நமக்கு வேண்டியது நிதானம். ஒருவன் தள்ளியது உண்மையாயின் அவனை வேளையோடு தடுக்கும் துணிவு. கென்னடி படித்தது ஒரு பாடம். மற்றப் பாடமும் உலகுக்கு வேண்டியதே.

ஆகவே வாலிப அன்பர்களே, யுத்த நூல்களைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் யார் வென்றார் என்று அறியக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். போருக்கு முந்திய நாட்களை மெதுவாகப் படியுங்கள். வில்லிபுத்தூரார் பாரதத்திலும் போர் தொடங்குமுன் தூதுச் சருக்கங்கள் வருகின்றன அல்லவா? எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம், முடிவு செய்தவர்களுக்கு அப்போது தெரியாதிருந்தது எது என்று கேளுங்கள். பின்னர், இந்த ஆசிரியர் எதை விட்டுவிட்டார் என்று கேட்டு, அதே சம்பவத்தை வேறொருவர் எழுதிய நூலையும் தேடிப் படியுங்கள். ஒரு நூலை மட்டும் படித்தவன் கட்சிக்காரனாகிறான். இரண்டைப் படித்தவன் நீதிபதியின் ஆசனத்துக்கு அருகிலாவது வருகிறான்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைகள் கையில் இத்தகைய நூலைக் கண்டால் பறிக்கவேண்டாம். படித்தது என்ன என்று அருகிருத்திக் கேளுங்கள். அயலவரோடு ஒரு தகராறு மூளும்போது, ‘சற்றுப் பொறுப்போம், நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்’ என்று அந்தப் பிள்ளை சொல்லுமானால், அது வெட்டையும் குத்தையும் படித்த படிப்பு வீணாகவில்லை.