பிடிக்கிற கைகளே பாடுபவரை மீட்கும்



ஒரு கபடிப் பயிற்சியாளரின் திறமையை எங்கே பார்ப்பது? தொடர்ந்து ஜெயிக்கிற அணியில் அது எளிதில் கண்ணுக்குப் படாது. ரெய்டு பாடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பும் அணியில், சிக்கியவர்கள் வெளியே உட்கார்ந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அணியில் அது தெரியும். அப்படி ஓர் அணியின் தாக்குதலை மீட்பது தனிக் கலை. அதற்கு நல்ல சான்று நம் மொழியின் பெயரைத் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணியிலேயே இருக்கிறது.

புரோ கபடி லீக் 2014-இல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் 2017-இல் உள்ளே வந்தது. அஜய் தாக்கூர் தலைமையில் ஆரவாரத்தோடு வந்த அணி அது. 2019-இல் ராகுல் சௌதரி, மஞ்சீத் சில்லர் என்று பெரும் பெயர்கள் ஒரே சட்டையில் இருந்தன. ஆனாலும் அந்த ஆண்டு 12 அணிகளில் கடைசி இடம்தான் கிடைத்தது. முதல் நான்கு சீசன்களில் ஒருமுறைகூட பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. பெரிய ரெய்டர்கள் இருந்தால் பெரிய தாக்குதல் இருக்கும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு முறையும் பொய்த்தது.

2022-இல் அதே நம்பிக்கைக்கு இன்னும் பெரிய விலை கொடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் ரெய்டுப் புள்ளிகளில் முதலிடம் பிடித்த பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்கப்படாத தொகை. அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். ஒரு பிடிக்கு முயன்றபோது பவனின் முழங்காலில் அடிபட்டது. அந்தச் சீசனே அவருக்கு அதோடு முடிந்தது. ஆட்டம் 31-31 என்று சமனில் நின்றது. தாக்குதலின் முழுப் பாரத்தையும் யார் மேல் ஏற்றியிருந்தார்களோ அவரே இல்லை. அணி தடுமாறியது. சில வாரங்களுக்குள் பயிற்சியாளர் விலகினார். அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர் அஷன் குமார்.

ஹரியானாவின் கபடி மரபில் வந்தவர் அவர். வீரராக 1998-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும், பயிற்சியாளராக 2021-ஆம் ஆண்டுக்கான வாழ்நாள் சாதனைத் துரோணாச்சாரியா விருதையும் பெற்றவர். சீசன் நடந்துகொண்டிருக்கும்போது வருகிற பயிற்சியாளருக்குப் புது வீரர்களை ஏலத்தில் எடுக்க வழியில்லை. இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் கிடைக்கும் ஓரிரு நாளில் யாருக்கும் புது வித்தை கற்றுக்கொடுக்கவும் முடியாது. இருக்கிறவர்களை வைத்து, யார் எப்போது போவது, எப்போது போகாமல் நிற்பது என்று முடிவெடுப்பது மட்டுமே அவர் கையில் இருக்கும். கபடியின் விதிகளைக் கொஞ்சம் கவனித்தால், அந்த முடிவுக்கு எவ்வளவு வலிமை என்பது விளங்கும்.

13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் கொண்ட களம். பக்கத்துக்கு ஏழு பேர். ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. இவை உங்களுக்குத் தெரிந்தவை. ஆட்டத்தின் உயிர்நாடி இவற்றைத் தாண்டி வேறு ஒரு விதியில் இருக்கிறது. வெளியே போன வீரர் தானாகத் திரும்பி வர முடியாது. நம் அணி ஆல் அவுட் ஆகாதவரை, எதிரணியில் ஒருவர் அவுட்டானால்தான் நம்மில் ஒருவர் உள்ளே வரலாம். அதுவும் வெளியே போன வரிசைப்படிதான். உங்கள் முதன்மை ரெய்டர் மூன்றாவதாக வெளியேறியிருந்தால், அவருக்கு முன் போன இருவர் திரும்பிய பிறகே அவர் திரும்புவார். போனஸ் கோட்டைத் தொட்டு எடுக்கும் புள்ளி பலகையில் ஏறும், ஆனால் அது யாரையும் மீட்டுத் தராது. ஆறோ ஏழோ பேர் எதிரே நிற்கும்போது போனஸாகவே எடுத்துக்கொண்டிருக்கும் ரெய்டர் தன் கணக்கை உயர்த்திக்கொள்வார். அவருடைய தோழர்கள் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே நேயர்களே, கபடியில் தாக்குதலைக் காப்பாற்றுவது பாதிக்கு மேல் தடுப்பாட்டம்தான். தடுப்பு வரிசையின் முனையான கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்து ஒரு ரெய்டரை நிறுத்தினால், எதிரணிக்கு ஒருவர் குறைகிறார், நமக்கு ஒருவர் கூடுகிறார். அந்தக் கூடுகிற ஒருவர் நம் சிறந்த ரெய்டராக இருந்தால், அடுத்த 30 விநாடியில் அவர் மறுபடி பாடப் போகிறார். ஓர் ஆட்டத்தில் ஒரு ரெய்டர் எடுக்கும் புள்ளி அவருடைய காலின் வேகத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. அவர் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார் என்பதையும் பொறுத்தது. அந்த நிமிடங்களை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் பிடிக்கிறவர்கள்.

இந்தக் கண்ணோட்டத்தோடு 2022 தமிழ் தலைவாஸைப் பாருங்கள். வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா என்று இரண்டு முனைகளும் உறுதியாக நின்றன. அவர்கள் பிடித்துக் கொடுத்த ஒவ்வொரு புள்ளியும் முதல் சீசன் ஆடிய நரேந்தர் என்ற இளம் ரெய்டரை மறுபடி மறுபடி உள்ளே கொண்டுவந்தது. அவர் அந்தச் சீசனில் எடுத்த ரெய்டுப் புள்ளிகள் 243. அறிமுகச் சீசனில் அதுவரை யாரும் எடுக்காத கணக்கு அது. அவருக்குத் துணையாக அஜிங்க்யா பவார் நின்றார். நரேந்தர் வெளியே இருக்கும் நேரத்தில் ஆட்டம் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் இரண்டாம் ரெய்டர் இருந்தார் என்பது இதில் முக்கியம்.

ஏன் முக்கியம்? தொடர்ந்து இரண்டு ரெய்டு புள்ளியில்லாமல் போனால் மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட். அந்த மூன்றாவது ரெய்டுக்கு யாரை அனுப்புவது என்பதில்தான் பயிற்சியாளரின் அனுபவம் வெளிப்படும். முதன்மை ரெய்டரையே அனுப்பி அவரையும் இழப்பதா? அவரைக் காத்துக்கொண்டு, சிக்கினாலும் பாதிப்புக் குறைவான இன்னொருவரை அனுப்புவதா? எதிரே மூன்று பேர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும்போது ரெய்டர் சிக்கினால் சூப்பர் டேக்கிள் என்று அவர்களுக்குக் கூடுதல் புள்ளி போகும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண் இமைக்கும் நேரத்தில் போட, பல ஆண்டுகள் களத்தோரம் நின்ற பழக்கம் வேண்டும்.

அணி முதன்முறையாக பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. எலிமினேட்டரில் உ.பி. யோதாஸோடு 36-36. முடிவு டை பிரேக்கருக்குப் போனது. டை பிரேக்கரில் ஒவ்வொரு அணியும் ஐந்து ரெய்டு செய்ய வேண்டும். ஐந்தையும் ஐந்து வெவ்வேறு வீரர்கள் செய்ய வேண்டும். ஒரே நட்சத்திரத்தை நம்பிய அணி அங்கே திணறும். தமிழ் தலைவாஸ் 6-4 என்று வென்றது. நட்சத்திரத்தை இழந்து தொடங்கிய அணி, ஐந்து பேரின் தாக்குதலால் அரையிறுதிக்குப் போனது. அந்த அணிக்குள் நடந்த மாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இதில் எல்லாப் பெருமையும் அஷன் குமாருக்கே சேராது. அந்த இளைஞர்கள் அணிக்குள் வந்தது அவர் வருவதற்கு முன்பே. அடுத்த சீசனில் அதே அஷன் குமார் இருந்தும் அணி 9-ஆம் இடத்தில் முடித்தது. ஒரு ரெய்டர் ஒரு சீசன் முழுக்க ஆடிய பிறகு, அவருடைய திரும்புதல், தயங்குதல், கை நீட்டும் கோணம் எல்லாம் எதிரணிகளுக்கு மனப்பாடமாகிவிடுகின்றன. மீட்ட தாக்குதலை ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும். ஒரு நல்ல வருகையோடு பயிற்சியாளரின் பணி முடிந்துவிடாது என்பதே அந்த 9-ஆம் இடம் சொல்லும் செய்தி.

இப்போது நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஊர்களுக்கு வருவோம். பொங்கலை ஒட்டி வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துக் கிராமங்களில் விளக்குக் கட்டிக் கபடி ஆடுகிற இளைஞர்களில் பலர் மறுநாள் கல்லூரி மாணவர்கள். அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலும் குரும்பலூர் கல்லூரியிலும் படிக்கிறவர்கள் பாரதிதாசன் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் முதலமைச்சர் கோப்பைக்கும் போகலாம். வேப்பூர் மகளிர் கல்லூரி மாணவிகளுக்கும் அதே வழி திறந்திருக்கிறது. உடம்புக்கும் துணிவுக்கும் நம்மிடம் குறைவில்லை. ஆனால் மண்ணில் பழகிய கால் மேட் விரிப்பில் வேறு மாதிரி திரும்ப வேண்டும். ஊர்ப் போட்டியில் தனி ஆளாகக் கைதட்டல் வாங்கிய ரெய்டர், கல்லூரி அணியில் ஏழு பேரில் ஒருவராக ஆடப் பழக வேண்டும். இந்த இரண்டையும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே எல்லா விளையாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹாக்கியில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணியின் முன்வரிசையில் ஆடி, 2023-இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அவரை உருவாக்கிய பயிற்சி கோவில்பட்டியின் ஹாக்கி சிறப்பு மையத்தில் கிடைத்தது. திறமை இங்கே பிறக்கிறது. அதை வளர்க்கும் கண் பல நேரம் வேறு ஊரில் இருக்கிறது.

ஆனால் கபடியில் அந்தக் கண் நம் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு காலத்தில் ஆடி ஓய்ந்த மூத்த வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பரிசளிப்பு மேடைக்கு மட்டும் அழைக்காமல், ஒரு கல்வியாண்டு முழுவதும் அணியோடு நிற்க அழைக்கலாம். அழைக்கும்போது மூன்று வேலைகளைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதன்மை ரெய்டர் எத்தனை நிமிடம் வெளியே இருந்தார், யார் பிடித்து அவரை மீட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ரெய்டுக்கு இரண்டு பேரைத் தனியாகத் தயார் செய்யச் சொல்லுங்கள். பயிற்சியில் டை பிரேக்கர் வைத்து, ஐந்து பேரையும் பாட வையுங்கள்.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு மேட், ஒரு நோட்டு, பொறுமையுள்ள ஒரு மூத்தவர், அவர் சொல்வதைக் கேட்கும் பதினைந்து இளைஞர்கள் போதும். அடுத்த பல்கலைக்கழகப் போட்டிக்கு அணி எடுக்கும்போது, நன்றாகப் பாடுகிறவர்களை மட்டும் தேடாதீர்கள். அவர்களை மீட்டுத் தரக்கூடிய இரண்டு கார்னர்களை முதலில் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து உங்கள் தாக்குதல் தொடங்கும்.