மாடல் மேடையில் உட்கார்ந்தவர்



மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். 1959இல் வைத்தது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்தவர். ஆட்களை எதிரே நிற்கவைத்துச் செய்த உடல்கள் அவை. நின்றவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பி.எஃப்.ஏ. நான்காண்டுப் படிப்பு. அதில் ‘லைஃப் ஸ்டடி’ என்றொரு வகுப்பு உண்டு. கூலிக்கு வந்த ஒருவர் மேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எலும்பு எங்கே முடிகிறது, தசை எங்கே திரும்புகிறது என்று ஆசிரியர் காட்டுவார். நல்ல பயிற்சிதான், அதை நான் குறைசொல்லவில்லை.

சேரியிலிருந்து முதல் ஆளாக அங்கே படிக்கப்போன ஒரு தம்பி என்னிடம் சொன்னது இது. அன்று மேடையில் இருந்தவருக்கு அவனுடைய பெரியப்பா வயது. மூட்டை சுமந்து காய்ப்பேறிய தோள். மற்றவர்களுக்கு அது ‘நல்ல ஃபார்ம்’. இவனுக்குக் கை ஓடவில்லை. இடைவேளையில் டீ வாங்கிக் கொடுத்துப் பெயர் கேட்டிருக்கிறான். அத்தனை வருஷத்தில் அந்த வகுப்பில் அவர் பெயரைக் கேட்ட முதல் ஆள் இவன்தானாம்.

வரைந்து முடித்து, கீழே அவர் பெயரை எழுதினான். “இது ஸ்டடிதானே, போர்ட்ரெய்ட் இல்லையே, பெயரை அழி” என்றார் ஆசிரியர். ஊரில் பெயர் உள்ளவருக்குப் போர்ட்ரெய்ட், பெயர் தேவைப்படாதவருக்கு ஸ்டடி. சாதியை இதைவிடச் சுருக்கமாக எந்தச் சமூகவியல் வகுப்பிலும் நான் படித்ததில்லை.

அவன் அழிக்கவில்லை. மதிப்பெண் குறைந்தது. தாளை அந்தப் பெரியவர் கேட்டு வாங்கிப் போனார்.