ஆயிரம் பொன்னினும் அரியது



சீனத்துத் தாவோ நெறியிலிருந்து உடல் பேணும் வழிகள் இரண்டு கிளைத்தன. ஒன்று, சாவாமையை நாடிய வழி. சாதிலிங்கம், பாதரசம் முதலியவற்றைப் புடமிட்டு ஆக்கிய மாத்திரையே அதன் துணை. தாங் மரபின் பேரரசர் வூசோங் அத்தகு மருந்துண்டு நலிந்து, 846ஆம் ஆண்டில் மாண்டார். அகவை முப்பதைச் சற்றே கடந்திருந்தார்.

மற்றொன்று, இயற்கையோடு இயைந்த அன்றாட வழி. அதனை விரித்துரைத்தவருள் தலையாயவர் 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ். அரசப் பதவியை ஏலாது வாழ்ந்த அவர், 652ஆம் ஆண்டையொட்டி 30 பகுதிகள் கொண்ட பெருநூலை யாத்தார். ஆயிரம் பொன்னினும் மனித உயிர் அரியது என்னும் கருத்தே அந்நூலின் பெயருக்கு அடிப்படை. மகளிர், குழவியர் மருத்துவத்தை அதில் முன்வைத்தார். முதலில் உணவால் நோய் தணித்தல், அதனால் தீராதபோதே மருந்தை நாடல் என்பது அவர் முறை. மாலைக்கண்ணுக்கு விலங்கின் ஈரலையும், கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியையும் பரிந்துரைத்தார். ஈரலில் வைட்டமின் ஏ உண்டென்பதும், கடற்பாசியில் அயோடின் உண்டென்பதும் பல நூற்றாண்டுகள் கழித்தே விளங்கின. வயிறு நிறையுமுன் கைநிறுத்தல், உண்டபின் சிறிது நடத்தல், சினத்தையும் கவலையையும் பேச்சையும் அளவோடு வைத்தல் ஆகியன அவர் வகுத்த நாளொழுக்கம்.

இரசவாதமும் பயின்றவரே அவர். அவருடைய உலைக்களத்தைக் காலம் கைவிட்டது. அடுக்களை இன்றும் பயன் தருகிறது. நெடுவாழ்வைப் புட்டியில் அடைத்து விற்போர் இன்றும் உளர். ஒரு சொல் மிகினும் பாட்டு நலிவுறும் என்பதைக் கவிஞர்கள் அறிவர். உடலும் அவ்வாறே. அளவறிந்து வாழ்தலே அந்நெறி தந்த நன்மருந்து.